ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்: ஒரு தடுப்பின் வரலாறு



சங்ககிரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று மலைக்கோட்டை. 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். இன்னொன்று லாரி. கோட்டையைப் பற்றி ஆடிப்பெருக்கு வந்தால் எல்லாரும் எழுதுகிறோம். லாரியைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. இத்தனைக்கும் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது லாரியால்தான்.

லாரியைப் பற்றி முழுதாக எழுத ஒரு புத்தகம் வேண்டும். இன்று அதில் ஒரே ஒரு உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓட்டுநர் உட்காரும் கேபினுக்கும் பின்னால் ஏற்றிய சரக்குக்கும் நடுவே நிற்கிற தடுப்பு. லாரியில் அது பலகையும் சேனலும் சேர்ந்த சுவர். பிக்கப் வண்டியில் பின் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டுகிற கம்பிச் சட்டம். யாரும் திரும்பிப் பார்க்காத பொருள். ஆனால் அது இருந்ததாலும் இல்லாமல் போனதாலும் நம் பக்கத்தில் பல குடும்பங்களின் கதை மாறியிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மாட்டு வண்டியில் தடுப்பு ஏன் இல்லை?

லாரிக்கு முன்னால் நம் ஊரில் சுமை தூக்கியது மாட்டு வண்டி. அதன் இரண்டு பக்கமும் முளைக்குச்சி உண்டு. வைக்கோல், கரும்பு, மூட்டை எதுவானாலும் பக்கத்தில் சரியாமல் அது பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் மட்டும் திறந்தே கிடக்கும். வண்டிக்காரர் அங்கேதான் உட்காருவார். பின்னால் இருக்கும் மூட்டையில் சாய்ந்துகொண்டு தூங்கியபடியே சந்தைக்குப் போனவர்களை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்போம்.

அவருக்கு இருந்த கவலை வேறு. முன்பாரம், பின்பாரம். இரண்டு சக்கர வண்டி அல்லவா? சுமை முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுகும். எனவே மூட்டை அடுக்குவது என்பது எடையைச் சமன் செய்கிற கலை. சுமை முன்னால் பாய்ந்து ஆளை நசுக்கும் என்ற பயம் அவருக்கு இல்லை. மாடு மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் அதிகம். நிறுத்தினால் வண்டி நின்றுவிடும், மூட்டையும் நின்றுவிடும்.

இங்கே கொஞ்சம் அறிவியல். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். மணிக்கு 4 கிலோமீட்டர் 40 ஆனால் வேகம் 10 மடங்கு. ஆற்றலோ 100 மடங்கு. அதே மூட்டை, அதே ஆள். இடையில் வந்து சேர்ந்தது வேகம் மட்டும்தான். தடுப்பின் வரலாறு தொடங்குவது அந்த இடத்தில்.

சேசிஸ் வந்த காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகள் இந்தியா முழுவதும் சரக்கு வண்டிகளாக மாறின. பிறகு உள்நாட்டுத் தயாரிப்பு வந்தது. 1948-இல் சென்னையை அடுத்த எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்டு ஆனது. வடக்கே ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1954-இல் லாரி தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் கூட்டு 1969 வரை நீடித்தது. இன்றும் பெரியவர்கள் சிலர் டாடா லாரியைப் 'பென்ஸ் வண்டி' என்று சொல்வது அதனால்தான்.

இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கம்பெனி விற்றது லாரியை அல்ல, சேசிஸை. இரண்டு நீளச் சட்டம், என்ஜின், அச்சு, சக்கரம், ஸ்டியரிங் இவ்வளவுதான். கேபின் கிடையாது, கதவு கிடையாது, சரக்கு ஏற்றுகிற பாடியும் கிடையாது. ஒரு பலகைப் பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, தலையில் துண்டோ ஹெல்மெட்டோ கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வருவார்கள். நெடுஞ்சாலையில் எலும்புக்கூடு போல வரிசையாக வந்த சேசிஸ்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

அந்த எலும்புக்கூட்டுக்கு உடம்பு கட்டியது யார்? நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பட்டறைகள். பேருந்துக்குக் கரூர் எப்படியோ, லாரிக்கு இந்த வட்டாரம் அப்படி. ஆங்கிலத்தில் பாடி பில்டிங். நம் வாயில் 'பாடி கட்டுறது'. வீடு கட்டுவது போலத்தான் அதைச் சொல்வார்கள். உண்மையிலும் அது ஓட்டுநருக்கு வீடுதான்.

ஏன் இந்த வறண்ட பூமியில்?

காவிரி பக்கத்தில் ஓடினாலும் சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. விவசாயத்தை மட்டும் நம்பி எல்லாக் குடும்பமும் பிழைக்க முடியாது. அதே நேரத்தில் வழி இருந்தது. 1860-களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகிற ரயில் பாதை இங்கே வந்துவிட்டது. சாலையோ சேலத்திலிருந்து கேரளம் போகும் பிரதான சாலை. முன்பு 47-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இப்போது 544. 1960-களின் தொடக்கத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் தன் இரண்டாவது ஆலையைச் சங்ககிரியில் அமைத்தது. பிறகு இந்தியன் ஆயில் கிடங்கும் வந்தது. ஏற்றுவதற்குச் சரக்கு, போவதற்குச் சாலை இரண்டும் வாசலிலேயே கிடைத்தன.

பணத்துக்கு, ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து நடத்திய ஃபைனான்ஸ் இருந்தது. 1969-இல் வங்கிகள் நாட்டுடைமை ஆன பிறகு சிறு லாரி உரிமையாளருக்கு வங்கிக் கடனும் எட்டியது. 1975-இல் நேஷனல் பெர்மிட் முறை வந்ததும் நம் வண்டிகள் குஜராத்துக்கும் வங்காளத்துக்கும் அசாமுக்கும் ஓடத் தொடங்கின. கிளீனராக ஏறியவர் டிரைவர் ஆனார், டிரைவர் ஒரு வண்டிக்கு முதலாளி ஆனார். மாநில அளவிலான லாரி உரிமையாளர்கள் சம்மேளனம் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டதும், ஓட்டுநர் பயிற்சி நிலையத்தை அசோக் லேலண்டு 1995-இல் நாமக்கல்லில் தொடங்கியதும் தற்செயல் அல்ல.

நெடுந்தூர ஓட்டம் கூடியபோது பட்டறைக்காரர்களின் பொறுப்பும் கூடியது. வண்டி 2,000 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. அங்கே ஏதாவது ஆனால் ஓட்டுநரைக் காப்பாற்ற இவர்கள் கட்டிய பாடியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்த சுவர்

பாடி கட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேசிஸ் சட்டத்தின் மேல் நீளவாக்கில் ரன்னர் எனும் கனமான மரம் படுக்கும். அதன் மேல் குறுக்குச் சட்டங்கள். அதற்கு மேல் பலகைத் தளம். இவை அனைத்தையும் சேசிஸோடு பிணைப்பது யூ போல்ட். சேசிஸில் ஓட்டை போட மாட்டார்கள், வெல்டிங் வைக்க மாட்டார்கள். ஓட்டை போட்ட இடத்தில்தான் பின்னாளில் சட்டம் விரியும் என்பது அவர்கள் பட்டறிவு. சேசிஸ் தயாரிக்கும் கம்பெனிகளின் கையேடுகளும் இதையேதான் சொல்கின்றன.

கேபினை மரச் சட்டத்தில் தகடு அடித்துக் கட்டினார்கள். நான் பார்த்த பல பழைய வண்டிகளில் கேபினின் பின்பக்கம் ஒரு சின்னச் சன்னல், அதற்குக் குறுக்குக் கம்பி. வீட்டுச் சன்னல் போலவே இருக்கும். ஆனால் அந்த மரக் கேபினின் முதுகு எவ்வளவு தாங்கும்? பத்து டன் சரக்கு முன்னால் வந்தால் அது அட்டைப் பெட்டிதான். பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும். அதனால் அவர்கள் கேபினின் முதுகை நம்பவில்லை. சரக்கு ஏற்றும் பாடியின் முன்சுவரைத் தனியாகவும் தடிமனாகவும், கேபின் உயரத்துக்கு மேலாகவும் எழுப்பினார்கள். நெட்டுக்கு இரும்புச் சேனல், குறுக்கே பலகை, மூலைக்கு மூலை முட்டுக் கொடுத்த ஆங்கிள். அதன் தலையிலிருந்து கேபினுக்கு மேலே ஒரு கேரியர். தார்ப்பாய், கயிறு, சமையல் சாமான் எல்லாம் அதில்.

இன்னொரு நுட்பம் உண்டு. சுவருக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ளங்கை அகலம் இடைவெளி விடுவார்கள். பள்ளம் மேட்டில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும்போது கேபின் ஒரு பக்கம் சாயும், பாடி மறுபக்கம் சாயும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒன்று மற்றொன்றைக் கிழித்துவிடும். சரக்கு முட்டிச் சுவர் கொஞ்சம் வளைந்தாலும் கேபினைத் தொடுவதற்குள் நிற்க அந்த இடைவெளி உதவும். எந்தப் பொறியியல் கல்லூரியும் இதை அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. விபத்தில் நசுங்கிப் பட்டறைக்குத் திரும்பி வந்த வண்டிகள்தான் சொல்லித்தந்தன.

தொண்ணூறுகளில் என் வகுப்பில் படித்த ஒரு பையனின் அப்பா கேரளத்துக்கு இரும்புக் குழாய் ஏற்றிப் போனார். முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, குழாய் நிற்கவில்லை. கட்டு அறுந்து மொத்தமும் முன்னால் பாய்ந்தது. சுவரின் நடுச் சேனல் வில் போல வளைந்து கேபினைத் தொட்டு நின்றுவிட்டது. தோளில் கட்டோடு வீடு வந்து சேர்ந்தார். மகனைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: "அந்த ஆசாரி வெச்ச சேனலுதானுங்க வாத்தியாரே, என்னைய இன்னைக்கு நிக்க வெச்சிருக்குது."

அந்தப் பையன் படித்து முடித்து இன்று வேலையில் இருக்கிறான். அதே பத்தாண்டில் வேறொரு தெருவில், தடுப்பு இல்லாத ஒரு சிறு வண்டியில் கம்பி ஏற்றிப் போன வீட்டின் முடிவு இப்படி அமையவில்லை. அந்த வீட்டுப் பெண் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றாள். ஒரு இரும்புச் சேனலின் மதிப்பு என்ன என்று கேட்டால் எனக்கு இந்த இரண்டு பிள்ளைகளின் முகம்தான் வரும்.

அமெரிக்காவில் இதற்கு என்ன பெயர்?

அமெரிக்க லாரிக்காரர்களும் பிக்கப்காரர்களும் இதை 'ஹெட்ஏக் ராக்' என்கிறார்கள். தலைவலிச் சட்டம்! பின்னாலிருந்து சரக்கு வந்து தலையில் மோதாமல் தடுப்பதால் அந்தக் கேலிப் பெயர். நம்மவர்கள் மரணத்தை 'டிக்கெட் வாங்கிட்டான்' என்று சொல்வதைப் போலத்தான். ஆபத்தோடு தினமும் பழகுகிறவர்கள் எந்த நாட்டிலும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

அங்கே பெரிய வண்டிகளுக்கு இது வெறும் வழக்கமாக நிற்கவில்லை, சட்டமும் ஆயிற்று. சரக்கு முன்தடுப்பைத் தொட்டபடி ஏற்றப்பட்டால், அந்தத் தடுப்பு தளத்திலிருந்து 4 அடி உயரம் இருக்க வேண்டும், அல்லது சரக்கு முன்னால் நகராதபடி மறைக்கும் உயரமாவது இருக்க வேண்டும். 6 அடிக்குக் குறைவான தடுப்பானால் சரக்கு எடையில் பாதியை அது தாங்க வேண்டும். பத்து டன் சரக்குக்கு ஐந்து டன் அழுத்தம்.

ஐரோப்பாவில் கேபினின் பின்சுவருக்கே சோதனை இருந்தது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 29-ஆம் எண் விதியின் முந்தைய வடிவம் அது. வண்டி ஏற்றக்கூடிய ஒவ்வொரு 1,000 கிலோவுக்கும் சுமார் 200 கிலோ அழுத்தத்தைப் பின்சுவர் தாங்க வேண்டும் என்றிருந்தது. இந்தியாவில் கேபின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 029 தரநிலை இந்த விதியை அடியொற்றியது. லாரி கேபின், பாடி கட்டுவதற்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற நெறிமுறையும் இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள். அந்த ஐரோப்பியச் சோதனையில் அழுத்துவது சுவர் முழுவதையும் மூடுகிற ஒரு பெரிய தட்டு. சாலையில் வருவதோ குழாயின் முனை. ஒரு கைப்பிடி அகல இடத்தில் முழு விசையும் விழும். மெத்தையால் தள்ளுவதற்கும் கடப்பாரையால் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம். சோதனையில் தேறிய கேபின் என்றால் கம்பி துளைக்காத கேபின் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சட்டம் பின்னால் வந்தது

நம் நாட்டில் 1939-இல் ஒரு மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் இன்னொன்று, 1989-இல் மத்திய விதிகள். அந்த விதிகளில் சரக்கு வண்டியின் பின்னால் 1 மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்கலாம் என்ற சலுகை வெகுகாலம் இருந்தது. இரவில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் வந்து மோதி இறந்தவர்கள் எத்தனை பேர்! உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகு, 2014-இல்தான் அந்தச் சலுகையை நீக்கினார்கள். பின்னால் வருகிறவருக்காக அந்த விதி மாறியது. அதே கம்பியின் முன்முனை யாருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2018 ஜூலையில் அச்சுக்கான எடை வரம்பு உயர்ந்தது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. எடை கூடினால் தடுப்பின் மேல் விழும் விசையும் கூடும்.

இன்னொரு பக்கம் கம்பெனியிலேயே கேபின் கட்டி வருவது வழக்கமாகிவிட்டது. இது நல்லதுதான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்றும் ஆணை வந்தது. சேசிஸ் மேல் பலகைப் பெட்டி போட்டு ஓட்டிய தலைமுறைக்கு இது கனவு. ஆனால் கேபின் கம்பெனியில் இருந்து வருவதால், பாடியின் முன்சுவர் பற்றிய அக்கறை குறைந்துவிடக் கூடாது. 'கம்பெனி கேபின்தானே, எதுக்கு இவ்வளவு இரும்பு? எடையைக் குறை' என்று சொல்கிற முதலாளிகள் இப்போது உண்டு. எடையைக் குறைத்தால் டீசல் மிச்சம். அந்த மிச்சத்துக்கு ஈடாக வைக்கப்படுவது எது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சின்ன வண்டிகளின் காலம்

2005-இல் டாடா ஏஸ் வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலிரோ பிக்கப்பை ஊர் ஊராகப் பார்க்கலாம். இவை பட்டறைக்கு வராமலேயே, முழு வண்டியாக, பின்னால் இரும்பு லோடு பாடியோடு ஷோரூமிலிருந்து நேரே வீட்டுக்கு வருகின்றன. கேபின் முதுகில் அகலமான கண்ணாடி. லாரியில் சுவர் இருந்த இடத்தில் பிக்கப்பில் கண்ணாடி வந்துவிட்டது. அறுபது ஆண்டு அனுபவம் அங்கே அறுந்து போனது.

பிக்கப்பின் பாடி 8, 9 அடி. கடையில் விற்கும் குழாய் 20 அடி. என்ன செய்வது? கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கம்பிச் சட்டம் மாட்டி, குழாயின் முன்பகுதியை அதன் தலையில் ஏற்றி, கேபினுக்கு மேலே நீட்டிவிடுகிறார்கள். ஆளைக் காப்பதற்காகப் பிறந்த தடுப்பு, சுமை தாங்கும் பரணாக மாறிவிட்டது. ஆயிரம் ரூபாய் கூலிக்கு மெல்லிய குழாயில் வெல்டிங் வைத்த சட்டம் பரணாகவும் நிற்காது, தடுப்பாகவும் நிற்காது.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் பழைய பிக்கப் வாங்கினார். தளம் தேயாமல் இருக்க விரிப்புப் போட்டுவிட்டார். பின் கண்ணாடிக்குச் சட்டம் மாட்டலாமா, விரிப்பின் மேலேயே போல்ட் போடலாமா என்று கேட்டார். பட்டறை நடத்தும் மற்ற மாணவர்களிடமும் விசாரித்து அவருக்குச் சொன்னதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் விரிப்பு. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1,500 கிலோ சரக்கு, கட்டாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலமாகப் பிரேக் அடித்தால் அதன் எடையில் பாதி அளவு விசை, அதாவது 750 கிலோ, முன்னால் தள்ளும். வெறும் தகட்டின் மேல் இரும்புச் சரக்கு என்றால் உராய்வு எடையில் ஐந்தில் ஒரு பங்கு, 300 கிலோ பிடித்துக்கொள்ளும். மீதி 450 கிலோ கேபின் முதுகில் விழும். மேலே சொன்ன ஐரோப்பியக் கணக்குப்படி இந்த வண்டியின் பின்சுவருக்குக் கேட்கும் பலம் 300 கிலோதான். அதே தளத்தில் நல்ல ரப்பர் மேட் இருந்தால் உராய்வு பாதி எடை அளவுக்கு வரும். சரக்கு பெரும்பாலும் நகரவே நகராது. வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பு இதற்கு நேர் எதிர். தளத்தைக் காக்கும், சரக்கை வழுக்கிவிடும். எண்ணெய் சிந்திய செக்கர் பிளேட்டும் அப்படியே. தளம் தேயாமல் இருக்கப் போடும் விரிப்பே ஆளைக் காக்கவும் செய்யலாம், காவு வாங்கவும் செய்யலாம்.

இரண்டாவது, சட்டத்தின் கால் விரிப்பின் மேல் நிற்கக் கூடாது. ரப்பரும் பிளைவுட்டும் நாளாக ஆக அமுங்கும். அமுங்கினால் போல்ட் தளரும். தளர்ந்தால் ஆட்டத்தில் ஓட்டை பெரிதாகும். கால் வரும் இடத்தில் விரிப்பை அளவாக வெட்டி எடுத்து, இரும்பின் மேல் இரும்பாக உட்கார வைக்க வேண்டும். அடியில் ஒரு கனத்த தகடு கொடுத்து முடுக்க வேண்டும். வெறும் வாஷரை மட்டும் நம்பினால் மெல்லிய தகடு கிழிந்துவிடும். போட்ட ஓட்டையின் விளிம்புக்குப் பிரைமர் பூசாவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் துரு பிடிக்கும். சேசிஸில் ஓட்டையோ வெல்டிங்கோ கூடவே கூடாது.

மூன்றாவது, லாரிப் பட்டறையின் அந்த உள்ளங்கை இடைவெளியை மறக்காதீர்கள். பிக்கப்பிலும் கேபின் வேறு, லோடு பாடி வேறு. இரண்டும் தனித்தனியாகச் சேசிஸ் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சட்டத்தை லோடு பாடியோடு மட்டும் பிணைக்க வேண்டும். ஆடாமல் இருக்கட்டும் என்று கேபின் கூரையோடும் சேர்த்து முடுக்கினால், நம் ஊர்ப் பள்ளத்தில் ஆறு மாதத்தில் கூரை விரிசல் விடும்.

நான்காவது, கம்பிகளின் இடைவெளி நீங்கள் ஏற்றும் பொருளைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலக் குழாய் ஏற்றுகிறவர் ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி வைத்தால் அது தடுப்பு அல்ல, அலங்காரம். அதற்காகத் தகடு போட்டு அடைத்துவிட்டால் பின்னால் பார்க்க முடியாது. கனத்த வலை நல்ல வழி. மாட்டிய பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள்.

ஐந்தாவது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. வண்டியின் கம்பெனியே தரும் சட்டம் கிடைத்தால் அதுவே நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்பு இருக்கிறது என்று கயிற்றை விட்டுவிடாதீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி மோதி நின்றால், கட்டாத ஒரு 20 கிலோ குழாய் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான ஆற்றலோடு முன்னால் வரும். நான்கு மாடிக் கட்டடத்தின் மேலிருந்து நம் தலையை நோக்கி ஒருவர் இரும்பைப் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் காவல் கயிறு, இரண்டாவது காவல் தளத்தின் பிடிப்பு. தடுப்பு கடைசிக் காவல்.

எழுதி வைக்காத அறிவு

மாட்டு வண்டிக்காரருக்கு முன்பாரம் பின்பாரம் தெரிந்திருந்தது. லாரிப் பட்டறை ஆசாரிக்கு முன்சுவர் தெரிந்திருந்தது. இரண்டையும் யாரும் எழுதி வைக்கவில்லை. வண்டி மாறியதும் முதலாவது அறிவு மறைந்தது. ஷோரூம் வண்டிகள் பெருகியதும் இரண்டாவது மறைந்துகொண்டிருக்கிறது. பட்டறைகளில் மர வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அது அவர்கள் உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் தலையில் இருப்பதை ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது நாம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கோட்டையில் ஒரு கல் பெயர்ந்தால் தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதுகிறோம். இந்தப் பட்டறை அறிவும் ஊரின் சொத்துதான். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோட்டு நண்பர்களில் பாடி கட்டிய அனுபவம் உள்ளவர்கள், அல்லது அப்பா தாத்தா கட்டியிருந்தால் அவர்களிடம் கேட்டு, எந்த ஆண்டில் எந்த மரம் போட்டார்கள், முன்சுவருக்கு எத்தனை சேனல் வைத்தார்கள், அதற்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். தொகுத்து வைக்கிறேன்.

பிக்கப் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை வண்டி எடுக்கும் முன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் முதுகுக்கும் சரக்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது?